ஏரிக் கணக்கு: நாள் குறிக்காமல் இலக்கைக் கவனித்து வருவது எப்படி?

ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை பிழை பார்ப்பேன். தலையங்கம், ராசிபலன், வரி விளம்பரம், நினைவஞ்சலி எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அவற்றில் நான் மிகக் கவனமாகப் பார்ப்பது உள்பக்கத்தின் ஓரத்தில் நான்கு விரல் அகலத்தில் வருகிற ஒரு சின்னப் பெட்டியை. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நிலவரம் அது. ஏரியின் பெயர், மொத்த உயரம், இன்றைய நீர்மட்டம், கொள்ளளவு, இருப்பு, வரத்து, வெளியேற்றம். சொல்லில் ஓர் எழுத்து தவறினால் படிக்கிறவரே திருத்திப் படித்துக்கொள்வார். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081 என்பதெல்லாம் வீட்டுக் கதவு எண்ணைப் போல எனக்கு மனப்பாடம்.

என் சொந்த ஆசைகளுக்குக் கணக்கு வைக்கும் முறையை இந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். தேதி குறிப்பதில்லை, கணக்கை விடுவதும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளாகச் செய்து பார்த்து, எனக்கும் என்னைச் சுற்றியிருக்கிற சிலருக்கும் பயன்பட்டதை இங்கே எழுதுகிறேன்.

நிலுவை என்ன செய்தது

2018 பொங்கலன்று திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். 133 அதிகாரம், 1,330 குறள். அடுத்த பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று கெடு வைத்தேன். நாளுக்கு நான்கு வீதம் போனால் மார்கழி பிறக்கும்போதே முடிந்துவிடும். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைக்கு வேண்டிய நான்கையும் எழுதி, சைதாப்பேட்டையிலிருந்து அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸில் படிப்பேன்.

மாசியில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக நாட்கள் ஓடின. சித்திரை முதல் நாளன்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 360 வந்திருக்க வேண்டும், 148 தெரிந்தது. நிலுவை 212 என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்த எண்ணைப் பார்த்த பிறகு புத்தகத்தை எடுக்கவே கை வரவில்லை. தெரிந்த 148 என் கண்ணில் படவே இல்லை. தெரியாத 212 மட்டும் கடன்காரன் வாசலில் நிற்பதுபோல நின்றது. இரண்டரை ஆண்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அலுவலகக் கெடுவை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கம் நேரத்துக்கு அச்சுக்குப் போகாவிட்டால் பேப்பர் வண்டி கிளம்பாது. விடிகாலையில் கட்டுப் பிரித்து வீடு வீடாகப் போடுகிற பையன் காத்துக்கொண்டிருப்பான். இன்னொருவர் நமக்காகக் காத்திருக்கும் இடத்தில் கெடு வேண்டும். பள்ளிக் கட்டணம், ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுத் தவணை, மருத்துவர் சொன்ன பரிசோதனை இவற்றுக்கெல்லாம் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். நான் சொல்லப்போவது அவற்றுக்கு ஆகாது. நான் 1,330 குறளையும் ஒப்பிக்கப்போகும் நாளுக்காக இந்த ஊரில் யாரும் காத்திருக்கவில்லை. அதற்கு ஏன் கெடு வைத்தேன் என்பதுதான் எனக்கு உறைக்க நாளானது.

2019 கோடையில் அந்தச் சின்னப் பெட்டி வறண்டு கிடந்தது. நான்கு ஏரிகளிலும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்காக விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. ஒவ்வோர் இரவும் ‘வரத்து: இல்லை’ என்ற வரியைச் சரிபார்த்து, ஓரத்தில் சரி போட்டு அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு, 2020 நவம்பர் 25. நிவர் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் 22 அடியைத் தொட்டதால் பகலிலேயே மதகைத் திறந்து, முதலில் விநாடிக்கு 1,000 கன அடி வீதம் விட்டிருந்தார்கள். இரவு பெட்டியின் மெய்ப்பு என் மேஜைக்கு வந்தது. ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. 22 என்ற எண்ணின் மேல் பென்சில் முனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பதினேழு மாதங்களுக்கு முன் இதே கட்டத்தில் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியில் ‘எந்தத் தேதிக்குள்’ என்று ஒரு கட்டம் கிடையாது. ‘நிலுவை’ என்று ஒரு கட்டம் கிடையாது. இருப்பு உண்டு, வரத்து உண்டு, வெளியேற்றம் உண்டு, அவ்வளவுதான். மாதக்கணக்கில் ‘வரத்து: இல்லை’ என்று அச்சடித்தோம், அதற்காக ஏரியை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. சென்னைக்கு ஆண்டில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. மற்ற மாதங்களில் வரத்து இல்லாமல் இருப்பதுதான் இந்த ஏரிகளின் இயல்பு.

மறுநாள் விடுப்பு. மழை விடாத அந்தக் காலையில் எனக்கு நினைவில் எத்தனை குறள் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். 63 இருந்தது. அன்றைக்குத்தான் என் முதல் ஏரியை வரைந்தேன்.

ஏரியை வரைவது

80 பக்க நோட்டு ஒன்று போதும். கட்டம் போட்ட நோட்டாக இருந்தால் நல்லது. எழுதுவது பென்சிலால் இருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. முதல் பக்கத்தில் ஏரியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரையுங்கள். இரண்டு பக்கமும் சரிந்த கரை, கீழே ஒடுங்கி மேலே அகன்றது. ஓரத்தில் அடிக்கோல். நான் செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொண்டதால் என் ஏரிக்கு உயரம் 24 அடி. உங்கள் ஊர் ஏரி வேறாக இருந்தால் அதன் உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ஏரியாக இருப்பதில் ஒரு பிடிப்பு இருக்கிறது.

அடுத்தது, ஓர் அடிக்கு எவ்வளவு என்று முடிவுசெய்வது. எனக்கு அடிக்கு 55 குறள். 24 அடிக்கு 1,320 ஆகிறது. மிச்சம் பத்து, சரியாக ஓர் அதிகாரம். கடைசி அதிகாரமான ஊடலுவகையைக் கரைக்கு மேல் தளும்பட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். கணக்கு இப்படிச் சரியாக விழாவிட்டாலும் கவலை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உண்மையான ஏரியில் அடியில் இருக்கிற ஓர் அடிக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். மேலே போகப் போக அதே ஓர் அடிக்கு நிறைய வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தங்கள் ஏரியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து அடிக்கு அளவைப் பாதியாக்குங்கள். மட்டம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் மனம் அங்கே போய் நிற்கும்.

63 குறளைக் குறித்தபோது மட்டம் ஓர் அடிக்குச் சற்று மேலே வந்தது. முழுக்க வறண்டுவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்த ஏரியில் ஓர் அடி தண்ணீர் கிடந்திருக்கிறது.

மறுபக்கத்தில் நான்கு பத்திகள் போடுங்கள்: நாள், வரத்து, வெளியேற்றம், இருப்பு. நோட்டைத் திறக்கிற அன்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். திறக்காத நாளுக்கு வரி இல்லை. காலிக் கட்டமும் இல்லை. திறந்தும் ஒன்றும் சேரவில்லை என்றால் ‘வரத்து: இல்லை’ என்று தயங்காமல் எழுதுங்கள். என் நோட்டில் அந்த இரண்டு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன.

இருப்பு என்ற பத்தியில்தான் நேர்மை வேண்டும். எது இருப்பு என்பதை முதலிலேயே ஒரு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். எனக்குப் புத்தகம் பார்க்காமல், சீர் பிசகாமல் சொல்ல வந்தால் அது இருப்பு. பாதி சொல்லி மீதிக்கு விழித்தால் அது இருப்பில் சேராது. இதைச் சோதிக்க ஒரு பிஸ்கட் டப்பாவில் 133 சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறேன், அதிகார எண் எழுதியது. தோன்றுகிற நாளில் டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்பேன். படித்த அதிகாரமாக இருந்தால் பத்தையும் சொல்ல வேண்டும். படிக்காததாக இருந்தால் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று. போன வாரம் 40 வந்தது, கல்வி. எட்டு குறள் தடையில்லாமல் வந்தன; இரண்டு நின்றுவிட்டன. அந்த இரண்டையும் வெளியேற்றத்தில் எழுதி, இருப்பில் கழித்தேன். ஏரிப் படத்தில் மட்டக்கோட்டை அழித்து மயிரிழை கீழே இறக்கினேன். பென்சில் இதற்குத்தான்.

கோடு கீழே இறங்குவதைப் பார்க்கப் பலருக்குப் பிடிப்பதில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி இந்த முறையைத் தொடங்கிவிட்டு, ‘ஏற்றத்தை மட்டும் எழுதுகிறேனே, இறக்கத்தை எதற்கு எழுத வேண்டும்?’ என்று கேட்டாள். இறக்கத்தை எழுதாத கணக்கு நாளாவட்டத்தில் பொய்க் கணக்காகிவிடும். பொய்க் கணக்கை நாமே நம்ப மாட்டோம். நம்பாத நோட்டைத் திறக்க மாட்டோம். வெயில் காலத்தில் ஏரியில் தண்ணீர் ஆவியாவதை எந்தப் பொறியாளரும் மறைத்து எழுதுவதில்லை.

வெளியேற்றம் இரண்டு வகை என்பதை மறக்க வேண்டாம். ஆவியாகிப் போவது ஒன்று; குடிநீராக ஊருக்குப் போவது இன்னொன்று. மறந்த குறளுக்கு ‘ஆ’ என்று எழுதுவேன். யாருக்காவது சொல்லிக்கொடுத்தால், ஒரு கடிதத்தில் எடுத்தாண்டால், ‘கு’ என்று எழுதுவேன். படிப்பு விஷயத்தில் குடிநீராகப் போவது இருப்பைக் குறைப்பதில்லை. பணம் சேர்க்கிற ஏரியாக இருந்தால் குறைக்கும். எப்படியானாலும் ‘கு’ வராத ஏரி எதற்கு என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

வரத்தும் ஒரே வழியாக வருவதில்லை. 1996 முதல் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வருகிறது. நம் மழை இல்லை என்றாலும் நம் இருப்பில்தான் சேர்கிறது. மாநகரப் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுதியிருந்த குறளைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாடமானவை உண்டு. வள்ளுவர் கோட்டத்தின் மண்டபத்தில் 1,330 குறளும் கல்லில் வெட்டியிருக்கிறது. அங்கே ஒருமுறை தம்பி மகளோடு நடந்து வந்ததில் நான்கு சேர்ந்தன. உட்கார்ந்து முயன்று படித்தது மட்டும்தான் கணக்கில் சேரும் என்று யாரும் விதி போடவில்லை.

இன்னொன்று, 22 அடி. செம்பரம்பாக்கத்தின் உயரம் 24 என்றாலும் மழைக்காலத்தில் 22-ஐ நெருங்கும்போதே திறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஏன் என்பது சைதாப்பேட்டையில் இருப்பவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். விளிம்புவரை நிரப்பிப் பார்ப்பது நல்லதில்லை என்பது எனக்கு உடம்பில் ஏறிய பாடம். என் நோட்டில் 22-ஆவது அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அங்கே வந்ததும் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, உள்ளதைப் பிறருக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. கடைசி இரண்டு அடி தானாக நிறைந்தால் நிறையட்டும்.

மழைக்காலம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒருமுறை அது அம்மாவின் கண் அறுவை சிகிச்சையாக வந்தது. மூன்று வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். நேரத்துக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், நடுவில் வேறு வேலை இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். நான் சத்தமாகப் படிப்பேன். தவறினால் அவர் திருத்துவார். அந்த மூன்று வாரத்தில் ஒன்றரை அடி ஏறியது. அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் ஏறியது அரை அடிகூட இல்லை.

எல்லாமே ஏரி ஆகாது

விட்டால் குறைகிற விஷயத்துக்குத்தான் ஏரி பொருந்தும். மனப்பாடம், மொழி, கையில் சேர்கிற பணம் இவை அந்த வகை. ஒருமுறை செய்தால் செய்ததுதான், திரும்பிப் போகாது என்கிற காரியத்துக்கு வேறு வழி வேண்டும்.

என் அக்காள் கணவர் குரோம்பேட்டையில் இருக்கிறார். மாமா என்று கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற பிறகு மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார். சாலையில் நடக்க அவருக்குப் பயம். மொட்டை மாடியில் நடந்தார். ‘தினமும் நாற்பது நிமிடம்’ என்று கடிகாரம் பார்த்து நடந்தவர் பத்தே நாளில் சலித்து விட்டுவிட்டார். அவருக்கு நான் புறநகர் ரயிலைக் கொடுத்தேன். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை 18 நிலையங்கள், ஏறத்தாழ 29 கிலோமீட்டர். 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை. மாமா தம் வேலைக்காலம் முழுவதும் போய்வந்த பாதை. மாடியைச் சுற்றினால் ஒரு சுற்று 40 மீட்டர். நிலையங்களுக்கு இடையே உண்மையில் தூரம் கூடவும் குறையவும் இருக்கிறது. நாங்கள் எல்லாவற்றையும் சமமாக்கி, ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு 43 சுற்று என்று வைத்துக்கொண்டோம்.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை நீளவாட்டில் வெட்டி, கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று வரிசையாக எழுதினார். ஒரு துணி கிளிப்தான் ரயில். நடந்த சுற்றுக்கு ஏற்ப அதை நகர்த்துவார். உடம்புக்கு முடியாத நாளில் கிளிப் அப்படியே நிற்கும். ‘ரயில் கோடம்பாக்கத்தில் நிற்கிறது, சிக்னல் கிடைக்கவில்லை’ என்று அக்கா போனில் சொல்வாள். நிற்கிற ரயில் பின்னால் போவதில்லை. மறுநாள் மாமா கோடம்பாக்கத்திலிருந்தே கிளம்புவார். ‘அம்மாடி, திரிசூலம் வந்துவிட்டேன், இடது பக்கம் மலை தெரிகிறது’ என்று ஒருநாள் காலையில் கூப்பிட்டார். மொட்டை மாடியிலிருந்து எந்த மலை தெரியும்? ஆனால் அந்தக் குரலில் இருந்த தெம்பு எனக்குத் தெரிந்த தெம்பு. முதல் பயணம் முடியப் பத்து வாரம் ஆனது. திரும்பி வர ஆறு வாரம். இப்போது செங்கல்பட்டுவரை பாதையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த முறையில் நீங்கள் வாழ்ந்து பழகிய பாதையைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். இமயமலை ஏறுவதாக வரைந்தால் அழகாக இருக்கும். கிண்டிக்கு அடுத்தது பரங்கிமலை என்று உதட்டில் தானாக வருகிற பாதைதான் நம்மை நடக்கவைக்கும்.

தம்பி மகளுக்கு வேறு சிக்கல். வீணை கற்றுக்கொள்கிறாள். பயிற்சி செய்த நாளுக்கு நாள்காட்டியில் சரி, செய்யாத நாளுக்குத் தவறு என்று போட்டுக்கொண்டு வந்தாள். பரீட்சை மாதம் முழுக்கச் சிவப்புத் தவறாகக் கிடந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, ‘நேற்றுப் போடாத கோலம் இன்றைக்கு வாசலில் தெரியுமா?’ என்றார். 82 வயதில் அவர் சொன்ன அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது இது.

ஒரு தாளில் 7 புள்ளி நேர்ப்புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகக் குறைத்து ஒன்றில் முடியுங்கள். 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. இதைச் சிக்குக்கோலமாகப் போட வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் இல்லை. ஒருமுறை உட்கார்ந்து பயிற்சி செய்தால் ஒரு புள்ளியைச் சுற்றிக் கோட்டை வளைக்கலாம். 25 முறை ஆனால் கோடு தொடங்கிய இடத்தில் போய்ச் சேர்ந்து கோலம் மூடிக்கொள்ளும். இதில் தேதி எங்கும் இல்லை. எந்த நாள் விட்டுப்போனது என்று கோலத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது; எத்தனை முறை உட்கார்ந்தாள் என்பது மட்டும் தெரியும். அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் அவள் ஒட்டிவைத்திருக்கிற கோலங்கள் இப்போது ஒன்பது. ஏழாவதில் ஒரு புள்ளியைச் சுற்றிக் கோடு நடுங்கியிருக்கும். அன்றைக்குத் தந்தி அறுந்து விரல் கிழிந்ததாம். மற்ற எட்டையும்விட அந்தக் கோலத்தைத்தான் வருகிறவர்களுக்கு அவள் காட்டுகிறாள்.

கோலத்தைப் பெரிதாகத் தொடங்காதீர்கள். 25 புள்ளிக்கு மேல் போனால் மூடுவதைப் பார்க்க வெகுநாள் ஆகிவிடும்.

எப்போது திரும்பிப் பார்ப்பது

தேதி இல்லை என்றால் நோட்டு பரணுக்குப் போய்விடாதா என்று கேட்பார்கள். போகும். அதனால் ஆண்டில் நான்கு முறை நோட்டைக் கட்டாயம் திறப்பேன். அந்த நாளை நான் குறிப்பதில்லை, ஊரே குறித்துக் கொடுக்கிறது. பொங்கலை ஒட்டி நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது ஒருமுறை. மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் ஊர்வலம் பார்த்துவிட்டு வந்த இரவில் ஒருமுறை. கத்திரி வெயில் முடிந்ததும் ஒருமுறை. பருவமழையின் முதல் பெரிய மழையில், அது என்றைக்குப் பெய்தாலும், ஒருமுறை. அன்று புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. மட்டத்தைச் சரிபார்த்து, கீழே நான்கைந்து வரி எழுதுவேன்: இந்த ஏரி இன்னும் எனக்கு வேண்டுமா, வேண்டும் என்றால் வரத்துக்கால்வாயில் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை அடைத்திருந்தது கைபேசி. இன்னொரு முறை, நான் பிடிக்காத அதிகாரம் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டு வேறு அதிகாரத்துக்குத் தாவியதும் தண்ணீர் ஓடியது.

எத்தனை ஏரி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு என் பதில் மூன்று. சென்னையின் பட்டியலில் நெடுங்காலம் நான்கு ஏரிதான் இருந்தன. 2020-இல் கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை சேர்ந்த பிறகு பெட்டியில் ஐந்தாவது வரி வந்தது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடிதான். செம்பரம்பாக்கத்தில் ஏழில் ஒரு பங்கு. ஐந்தும் சேர்ந்து 11,757. புதிதாக ஒன்றைச் சேர்க்க ஆசை வந்தால் இதுபோலச் சின்னதாகச் சேருங்கள். எனக்கு அந்தச் சின்ன ஏரி, தெலுங்குப் பெயர்ப்பலகைகளைப் படிக்கக் கற்பது. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தால் போதும் என்று வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவின் சமையலை அளவோடு எழுதி வைப்பது அது. நோட்டில் அதற்குப் பெயர் சோழவரம். மொத்தம் 30 குறிப்பு. அம்மாவிடம் கேட்டால் ‘ஒரு கைப்பிடி’, ‘எலுமிச்சங்காய் அளவு’, ‘கண்ணால் பார்த்தால் தெரியும்’ என்பார். வத்தக்குழம்புக்கு அவர் புளியை உருட்டி எடுத்ததும் அந்த உருண்டையை வாங்கிச் சமையல் தராசில் வைத்தேன். 38 கிராம். இன்னொரு நாள் எடுக்கச் சொன்னேன். 37. மூன்றாவது நாள் மீண்டும் 38. அறுபது ஆண்டு ஒரே வேலையைச் செய்த விரல்களின் அளவு அது. எழுதி முடித்தாலே குறிப்பு இருப்பில் சேர்ந்துவிடாது. நான் அதைப் பார்த்துச் சமைத்து, அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ‘ம், சரி’ என்று சொல்ல வேண்டும். வத்தக்குழம்பு நான்காவது முறைதான் சேர்ந்தது. மோர்க்குழம்பு இன்னும் வெளியில் நிற்கிறது.

இந்த ஏரிக்குக் கெடு வைக்கச் சொல்லி அக்கா வற்புறுத்துகிறாள். அம்மாவுக்கு வயதாகிறது, சீக்கிரம் எழுதி முடி என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் இரவில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் கெடு வைத்தால் முப்பதையும் பத்து நாளில் கேட்டு எழுதிவிடுவேன். தராசும் நான்காவது முறையும் இருக்காது. அதனால் வரிசையை மட்டும் மாற்றினேன். எதை முதலில் எழுதுவது என்று அம்மாவே வரிசை சொல்கிறார். அவருக்குப் பிடித்தவை முதலில்.

நேற்றுக் காலை நோட்டைத் திறந்து எழுதிய வரிகள் இவை. செம்பரம்பாக்கம்: உயரம் 24 அடி, நீர்மட்டம் 13 அடி, இருப்பு 715. வரத்து: இல்லை. வெளியேற்றம்: 3, கு, மாடி வீட்டுப் பிள்ளைக்கு, பேச்சுப் போட்டிக்காக. சோழவரம்: இருப்பு 11. வரத்து: எதிர்பார்க்கப்படுகிறது. அம்மா மோருக்குப் பால் உறைகுத்தி வைத்திருக்கிறார்.